அமத்தச் சொன்ன வாய்

பாளையம்பட்டியில் இறங்கி, பயந்தாங்கொள்ளி கடை எது என்று கேட்டால் போதும், பஸ் ஸ்டாப்பில் பூக்கட்டுகிற அம்மாகூட மதார் மைதீன் கடையைக் கைகாட்டிவிடும். இன்வெர்ட்டர், யூபிஎஸ், எடை மெஷின் பழுது பார்க்கிற கடை. மிக்ஸியைக் கொடுத்தால்கூட பிளக்கைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் திருப்புளியைக் கையில் எடுப்பார். பெரிய மெஷின் என்றால் இன்னும் வேடிக்கை. மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் சொந்தப் பித்தளைப் பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டு பனியனுக்குள் தள்ளிக்கொள்வார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று எதிர்க்கடை சலூன்காரர் சிரிப்பார்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன, பத்து விரலும் முழுசாக இருக்கிறது. ஒரு மனிதனின் மூன்று விரல்கள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் போவதை அவர்கள் பார்த்ததில்லை. மதார் மைதீன் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்து பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள்கூட நிம்மதியாகச் சுவிட்சைத் தொட்டதில்லை.

அரபு நாட்டில், தம்மாமில் நடந்தது அது. அங்கே ஒரு பெரிய கம்பெனியின் டேப்பு அறையில் மதாருக்கு வேலை. கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் ஒரு நாள் அழிந்துபோனால் என்ன செய்வது என்று டேப்பில் பதிந்து பத்திரப்படுத்தி வைப்பார்கள். ஆயிரக்கணக்கான டேப்புகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. அவற்றை எடுப்பதும் வைப்பதும் மனிதன் இல்லை, ஓர் இரும்புக் கை. நாலு பீரோவைச் சேர்த்து வைத்த அளவுள்ள பெட்டிக்குள் தண்டவாளத்தில் அது ஓடும். கதவைத் திறந்தால் கை நின்றுவிட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது கதவிலிருக்கிற பூட்டின் வேலை. அந்தப் பூட்டு ஒரு நாள் கெட்டுப்போனது.

பந்தல்குடி பால்சாமி அங்கே மதாரோடு ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் ஆக்கித் தின்ற கூட்டாளி. மெஷின் நின்றிருந்த நேரம் பார்த்து, கதவைத் திறந்து, சிக்கிய டேப்பை எடுக்கக் கையை உள்ளே விட்டிருந்தார். சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றவன் பொன்னேரிக்காரன் எட்டியப்பன். உள்ளே ஏதோ உறுமுகிற சத்தம் கேட்டது. "அமத்து, அமத்துடா" என்று பால்சாமி கத்தியது நாலு அடி தள்ளி நின்ற மதார் காதில் சுத்தமாக விழுந்தது. எட்டியப்பன் பச்சைப் பொத்தானைத் தட்டினான்.

அதற்கு முந்தின வாரம்தான் குளியலறை வரிசையில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. வேண்டுமென்றே செய்துவிட்டான் என்று தொழிலாளர் முகாமே பேசியது. "அவன்தான் சொன்னான், நான் செஞ்சேன்" என்று எட்டியப்பன் பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். விசாரித்த எகிப்துக்காரர் மதாரைக் கூப்பிட்டுக் கேட்டார். பால்சாமி நிறுத்தச் சொன்னான், இவன் ஓடவிட்டான் என்று மதார் சொன்னார். கேட்டதைத்தானே சொன்னார். அந்த வாரமே எட்டியப்பனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். போகிறபோது ஒரு துண்டுச் சீட்டில் பொன்னேரி நம்பரை எழுதி மதார் கையில் திணித்தான். "என்னிக்காவது உனக்கே தெரியும் பாய், அன்னிக்கு கூப்பிடு." அந்தச் சீட்டைக் கிழித்துப் போட மதாருக்குப் பயம். போன் மாற்றும்போதெல்லாம் அந்த நம்பரையும் ஏற்றி வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இப்போது கதைக்கு வருகிறேன். பாளையம்பட்டிக்கு வெளியே, கருவேலங்காட்டுக்கு நடுவில், நாற்பது வருஷத்துக்கு முன் ஓய்ந்துபோன ஒரு பருத்தி ஜின்னிங் மில் உண்டு. மழை இல்லாத சீமை என்று நம் பக்கம் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஈரமில்லாத சீமை என்று அதற்காகவே தேடி வந்து, அந்த மில்லை எடுத்து, உள்ளே கண்ணாடி அறை கட்டி, ஏசி போட்டு, டேப்பு மெஷினைக் கொண்டுவந்து இறக்கியது ஒரு சென்னைக் கம்பெனி. எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படமெல்லாமோ அதற்குள் இருக்கிறதாம். மதார் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அங்கே மேலாளராக இருக்கிற பெரம்பூர் ஜெயக்குமார், கதவுப் பூட்டு கெட்டுவிட்டது, வந்து பாருங்கள் பாய் என்று இரண்டு முறை போன் செய்தும், உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் கடை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கியது தங்கலட்சுமி. பால்சாமியின் மகள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு அந்தக் கம்பெனியில்தான் ஒரு வருஷமாக வேலை பார்க்கிறாள். சின்னப் பிள்ளையிலிருந்து மதாரை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்.

"ஒடம்புக்கு முடியலன்னு ஜெயக்குமார் சார் சொன்னாரு. நல்லாத்தான இருக்கீக மாமா?"

"இருக்கேன்த்தா. அந்த மெஷினு சோலிக்கு மட்டும் கூப்பிடாத."

"பெங்களூர்ல இருந்து இன்ஜினியர் வர இன்னும் ரெண்டு வாரமாம். அதுவரைக்கும் நாந்தான் சமாளிக்கணும். டேப்பு சிக்குச்சுன்னா கதவத் தொறந்து கைய விட்டு எடுத்துருவேன். இரும்புக் கை அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். அது அந்தக் கோடிக்குப் போற நேரம் பாத்து டக்குன்னு எடுத்துறணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நேத்துத்தான் துப்பட்டாவப் பிடிச்சு இழுத்துருச்சு."

துப்பட்டாவின் ஓரத்தைக் காட்டினாள். ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து நூல் தொங்கியது. மதார் கிழிந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பார்த்தார். கண்ணாடி வளையல் இரண்டு, நகத்தில் மருதாணி, விரல் ஐந்து.

"ஒங்க அப்பனுக்குத் தெரியுமாத்தா?"

"சொன்னா வேலைக்கே விட மாட்டாரு."

மதார் எழுந்து பையை எடுத்தார். "ஃபேன அமத்திட்டு வாரேன், வண்டிய எடு" என்றார். பித்தளைப் பூட்டைப் பையில் போட்டாரா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மில்லுக்குள் நுழைந்ததும் தம்மாம் வாசம். சூடேறிய பிளாஸ்டிக்கும் ஏசிக் காற்றும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பையிலிருந்த பூட்டை மதார் இன்னொரு தடவை தொட்டுக்கொண்டார். மெஷின் தம்மாமில் பார்த்ததைவிடச் சின்னது, ஆனால் அதே சாதி. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தேன்கூடு மாதிரி அறைகள், அதற்கு முன்னால் இரும்புக் கை சரசரவென்று போவதும் வருவதுமாக இருந்தது. மதார் கதவின் கைப்பிடியை லேசாக இழுத்தார். திறந்துகொண்டது. கை நிற்கவில்லை. ஒரு நொடிகூட யோசிக்காமல், கதவு மூடியிருக்கிறது என்ற நினைப்பில் அதே வேகத்தில் ஓடியது. மதார் கதவைச் சாத்திவிட்டு இரண்டு எட்டு பின்னால் வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அரை மணி நேர வேலைதான பாய்?" என்றார் ஜெயக்குமார். கெட்ட மனிதர் இல்லை. தலைமை ஆபீஸ் போன் அடித்தால் எழுந்து நின்று பேசுகிற ஆள், அவர் பயம் அவருக்கு.

"எம்புட்டு நேரம் ஆனாலும் ஆகட்டும். மெயினு எங்க இருக்கு?"

மெயினை இறக்கினார். பித்தளைப் பூட்டை மாட்டினார். சாவியைக் கழுத்தில் போட்டார். பிறகு பச்சைப் பொத்தானை அவரே தட்டிப் பார்த்தார், ஓடவில்லை. இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். ஜெயக்குமார் தங்கலட்சுமியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிஸ்மி சொல்லிவிட்டு மதார் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

கதவுச் சட்டத்தில் ஒரு பொந்து. கதவைச் சாத்தினால் பூட்டின் நாக்கு அதற்குள் போய் ஒரு குட்டிச் சுவிட்சைத் தொடும். தொட்டால் கை ஓடலாம், விட்டால் கை நிற்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். டார்ச்சை அடித்துப் பார்த்தார். பொந்துக்குள் வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கம்பியை வளைத்துக் கிண்டினால் திரிதிரியாக வந்தது. பஞ்சு. என்றோ ஓடி ஓய்ந்த மில்லின் பஞ்சுத் தூசி, உத்தரத்திலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பொந்துக்குள் போய், நாக்கு இடிக்க இடிக்கக் கெட்டியாகி, சுவிட்சை நிரந்தரமாக அமுக்கிப் பிடித்துவிட்டது. கதவு திறந்து கிடந்தாலும் மூடியிருக்கிறது என்றே மெஷின் நம்பிக்கொண்டிருந்தது.

"தெனமும் பெருக்குறோமே மாமா" என்றாள் தங்கலட்சுமி.

"கீழதான பெருக்குவீக. மேல இருக்கது எங்க போகும்?"

வாய் பேசியதே தவிர, ஏசிக் குளிரிலும் முதுகில் சட்டை ஒட்டியது. மின்சாரம் இல்லை, சாவி நெஞ்சில் இடிக்கிறது, அப்படியும் தலைக்கு மேலே அசையாமல் நின்ற அந்த இரும்புக் கையை நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். பொந்தைச் சுத்தம் செய்து, நாக்கைக் கழற்றித் துடைத்து, தொய்ந்துபோன சுருள்கம்பிக்குப் பதிலாக எடை மெஷினுக்கு என்று வாங்கி வைத்திருந்ததில் ஒன்றை அளந்து நறுக்கிப் பொருத்தினார். நாக்கு டக்கென்று போனது, டக்கென்று வந்தது. சுவிட்சும் கூடவே அமுங்கி எழுந்தது.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேதான் மனிதர் திணறிப்போனார். பித்தளைப் பூட்டைக் கழற்றாமல் இந்தப் பூட்டைச் சோதிக்க முடியாது. கழற்றிவிட்டால், பஞ்சை எடுத்துச் சுருள்கம்பி மாற்றிய இந்தக் கைவேலையை நம்பித்தான் எல்லாரும் நிற்க வேண்டும். சாவியை நுழைத்துவிட்டுத் திருப்பாமல் நின்றார்.

"பாய், ஆபீஸ்ல ரெண்டு தடவ கேட்டுட்டாங்க" என்றார் ஜெயக்குமார்.

"கேக்கட்டும். நீங்க இங்க வந்து நில்லுங்க. பச்சை ஓடுறதுக்கு, செவப்பு நிக்கிறதுக்கு. ஓடவிடுங்கன்னு சொன்னா பச்சை. நிறுத்துங்கன்னு சொன்னா செவப்பு. நான் சொல்லாம எதையும் தொடக் கூடாது. சொன்னா யோசிக்கவும் கூடாது. எங்க, ஒருதரம் சொல்லுங்க."

ஜெயக்குமார் ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். இன்னொரு தரமும் ஒப்பிக்க வைத்தார் மதார். சாவியைத் திருப்பினார்.

"ஓடவிடுங்க." கை கிளம்பி ஓடியது. மதார் கதவை இழுத்தார். நாக்கு டக்கென்றது, ஓடிய கை அந்த இடத்திலேயே நின்றது. "நிறுத்துங்க." சாத்திவிட்டு இன்னொரு முறை. அதுவும் சரி. மூன்றாம் முறை கதவைத் திறந்தபோது கை ஒரு டேப்பைப் பாதி உருவிய நிலையில் நின்றது. டேப்பு அறைக்கு வெளியே கோணிக்கொண்டு தொங்கியது. கைமீது சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, மின்சாரம் இன்னும் உள்ளே இருக்கிறது. நிறுத்துங்க என்று சொல்ல மதார் ஜெயக்குமார் பக்கம் திரும்பினார்.

அந்தத் திரும்புகிற நேரம்தான். தினமும் செய்கிற பழக்கம் பாருங்கள், யாரும் சொல்லாமலே தங்கலட்சுமி குனிந்து, வளையல் குலுங்கக் கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டாள்.

மதார் அதைக் கண்டார். மருதாணி விரல்களுக்கும் இரும்புக் கைக்கும் நடுவில் நாலு விரல்கடை இடைவெளி. தம்மாமும் பாளையம்பட்டியும் ஒன்றாகிவிட்டன. ஈரக்குலையே அறுந்து விழுந்ததுபோல ஒரு கத்தல் அவரிடமிருந்து வந்தது.

"அமத்துங்க!"

ஜெயக்குமார் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்றுதானே மதார் சொல்லியிருந்தார். விரல் தயாராக நின்ற பச்சைப் பொத்தானைத் தட்டினார்.

பெட்டிக்குள் 'கீ' என்று ஒரு சத்தம். இரும்புக் கை ஓடவில்லை. அவளைப் பிடித்து இழுக்க மதாருக்குக் கை எழும்பவில்லை, வாய் மட்டும்தான் மிச்சம். "அமத்துங்கங்கேன், அமத்துங்க." ஜெயக்குமார் மறுபடி பச்சையைத் தட்டினார். மறுபடி 'கீ'. பொத்தான் சரியாகப் படவில்லை போல என்று மூன்றாம் முறை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். மதார் கத்தக் கத்த அவர் அழுத்தினார். அவர் அழுத்த அழுத்த, கதவு திறந்திருக்கிறது, ஓட மாட்டேன் என்று மெஷின் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

தங்கலட்சுமி கையை வெளியே எடுத்தாள். கையில் டேப்பு.

"எடுத்துட்டேன் மாமா. எதுக்கு இப்பிடிக் கத்துறீக?"

மதார் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கையை எட்டி மெயினை இறக்கினார். பித்தளைப் பூட்டை மாட்ட முயன்றார், வளையம் துளைக்குள் நுழையவே இல்லை. தங்கலட்சுமிதான் வாங்கி மாட்டினாள்.

"எதுக்குய்யா பச்சையத் தட்டுன?" மரியாதை எல்லாம் போய்விட்டது. "புள்ள கை உள்ள இருக்கு. எதுக்குய்யா?"

ஜெயக்குமார் முகம் வெளிறிவிட்டது. "நீங்கதான பாய் சொன்னீங்க? அமுத்துங்க, அமுத்துங்கன்னு கத்தினீங்க. மூணு வாட்டி அமுத்தினேன், அது எடுக்கவே இல்ல."

"நான் அமத்தச் சொன்னேன்."

"அதான், அமுத்தினேன்."

தங்கலட்சுமிக்குத்தான் முதலில் விளங்கியது. "சார், எங்க ஊர்ல லைட்ட அமத்துன்னா ஆஃப் பண்றது" என்றாள். பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும். அவர் ஊரில் அமுத்து என்றால் பொத்தானை அழுத்து. அதுவும் அவசரத்தில் கத்துகிறபோது எது 'ம', எது 'மு' என்று யாருக்குப் பிரியும்? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஊர் சிரிக்கச் சிரிக்க அத்தனை ஜாக்கிரதையாக வாழ்ந்த மனிதர், நிறுத்துங்க என்ற சொல்லை இரண்டு தரம் ஒப்பிக்க வைத்த மனிதர், உயிர் பதறியதும் பிறந்த ஊர்ச் சொல்லைத்தான் சொன்னார். அவர் போட்ட பூட்டு மட்டும் வேலை செய்யாமல் போயிருந்தால், அந்தப் பிள்ளையின் கையை எடுத்திருப்பது அவர் வாய்தான்.

தங்கலட்சுமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தம்ளரை வாயில் வைத்தவர் குடிக்காமல் கீழே வைத்தார். நீங்கதான பாய் சொன்னீங்க. அவன்தான் சொன்னான், நான் செஞ்சேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அந்தச் சத்தியம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரம்பூருக்கும் பொன்னேரிக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?

அன்று சாயந்தரமே பந்தல்குடிக்கு பஸ் ஏறினார். தூத்துக்குடி ரோட்டு ஓரத்தில் லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை பால்சாமியுடையது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் போடுகிற முடிச்சை அவிழ்க்க ஆள் கிடையாது.

"வாடா மாப்ளே. பிள்ள சொல்லுச்சு, பூட்ட நீதான் சரி பண்ணுனியாமே."

பிள்ளை மீதியைச் சொல்லியிருக்கவில்லை. மதார் எல்லாவற்றையும் சொன்னார். துப்பட்டா கிழிந்ததையும், கையை உள்ளே விட்டதையும், தான் கத்தியதையும், பச்சைப் பொத்தானையும். பால்சாமி கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டார். கடைக்குப் பின்னால் வீட்டுக்குள் மகள் இருக்கிற பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"மாப்ளே, அன்னைக்கி நீ என்ன சொல்லிக் கத்துன?" என்றார் மதார்.

"அமத்துன்னு. நீதான் கேட்டியே."

"கேட்டேன். எட்டியப்பனுக்கு என்ன கேட்டுச்சோ?"

பால்சாமி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாகக் கயிற்றை இறுக்கும்போதெல்லாம் ஒரு பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே இறுக்கியவர் அவர்.

"பிள்ளைக மேல சத்தியம் பண்ணுனான்லடா" என்றார்.

"ஆமா."

"நீதான சாட்சி சொன்ன."

"நாந்தான். எனக்குப் பயமா இருக்குடா மாப்ளே." சொல்லும்போதே மதாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டியப்பன் உசிரோட இருக்கானோ என்னமோ. நம்பர் இருக்கு. எடுத்து எடுத்துப் பாக்கேன், போட முடியல."

பால்சாமி கையை நீட்டினார். மதார் பெயரை எடுத்து வைத்துப் போனைக் கொடுத்தார். இரண்டு விரல்களுக்கு நடுவில் போனை வைத்துக்கொண்டு, இடது கை விரலைத் திரைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார் பால்சாமி.

"பச்சைய அமுத்தவா?"

மதார் மைதீன் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல அவருக்குத் துணிவில்லை. பொன்னேரியில் மணி அடிக்கத் தொடங்கியது.